தவழுற குழந்தை இருக்கிற வீட்டுல ஃபினாயில் இல்லாம என்ன போட்டு துடைக்கிறீங்க?

வேளச்சேரி மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில வாடகை வீட்டுல இருக்கோம். பழைய வீடு, ஹால் பெட்ரூம் ரெண்டுலயும் மொசைக் தரை. முழுக்க போர் தண்ணி. புது பக்கெட் வாங்கினா கொஞ்ச நாள்லயே உள்பக்கம் வெள்ளை படிஞ்சிடுது. பாத்ரூம் குழாய் வாயில உப்பு இறுகிப்போய் தண்ணி நேரா விழாம ரெண்டு பக்கமும் பீச்சுது.

பொண்ணு இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கா. தரையில வச்ச கை அடுத்த நிமிஷம் வாய்க்குப் போயிடுது. ஃபினாயில் போட்டுத் துடைச்ச அன்னைக்கு அந்த நெடி சாயங்காலம் வரைக்கும் நிக்குது, எனக்கே தலை வலிக்குது. அதான் வீட்லயே ஏதாவது செஞ்சுக்கலாம்னு வீடியோவா பார்த்துட்டு இருக்கேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான். ஒருத்தர் வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து பாட்டில்ல ஊத்தி, "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்"ங்கறார். இன்னொருத்தர் அதுலயே எலுமிச்சம்பழம், கற்பூரம், வேப்பிலை எல்லாத்தையும் சேர்க்கறார். நுரை பொங்குறதைப் பார்த்தா நல்லாதான் இருக்கு, ஆனா உண்மையிலேயே அழுக்கு போகுமா?

எனக்கு வேண்டியது நாலு விஷயம். தரை துடைக்க. கேஸ் அடுப்பு, சிம்னியில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்குக்கு. குழாய் உப்புக்கு. அப்புறம் குத்துவிளக்குக்கு. கார்த்திகைக்கு மாமியார் ஊர்லேருந்து வர்றாங்க. அவங்க குடுத்த விளக்கு இப்ப எந்த நிறத்துல இருக்குன்னு அவங்க பார்க்கக் கூடாது!

---

கோவை மாடித்தோட்டம் எழுதியது:

சிஸ்டர், பயோ என்சைம் போட்டு வைங்க, வேற எதுவுமே வேண்டாம். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூணு பங்கு, தண்ணி பத்து பங்கு. அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை இல்ல சாத்துக்குடித் தோல், ஒரு லிட்டர் தண்ணி. பிளாஸ்டிக் கேன்ல போடுங்க, கண்ணாடி பாட்டில் வேண்டாம். உள்ள வாயு சேரும், கண்ணாடின்னா வெடிச்சிடலாம். கேன்ல மேல கொஞ்சம் இடம் காலியா விடணும். முதல் ஒரு மாசம் தினமும் மூடியைத் திறந்து காத்தை விட்டுட்டு மூடுங்க. மூணு மாசத்துல தோலெல்லாம் அடியில இறங்கி, தண்ணி பழுப்பா தெளிஞ்சு, புளிச்ச பழ வாசனை வரும். வடிகட்டிட்டு அரை பக்கெட் தண்ணிக்கு ரெண்டு மூடி ஊத்தித் துடைக்கலாம். சக்கையை நான் தொட்டிச் செடிக்குப் போட்டுடுவேன்.

ஜூஸ் கடையில சொல்லி வச்சா தோல் சும்மாவே தருவாங்க. எங்க வீட்ல தரை, சிங்க், டாய்லெட் எல்லாத்துக்கும் இதுதான்.

---

கும்பகோணம் பாத்திரக்கடை எழுதியது:

தங்கச்சி, நமக்குக் கும்பகோணத்துல பாத்திரக் கடை. அப்பா காலத்துக் கடை. பாத்திரம் வாங்குறவங்களை விட "இதை எப்படிங்க விளக்குறது"ன்னு கேட்டு வர்றவங்கதான் அதிகம். அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

முதல்ல அந்த வினிகர் ஆப்ப சோடா கதையை முடிச்சிடுவோம். வினிகர் புளிப்பு. ஆப்ப சோடா அதுக்கு நேர் எதிர். ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு, கொஞ்சம் வாயு, தண்ணி, ஒரு உப்புன்னு நிக்கும். நீங்க பார்த்த நுரை அந்த வாயுதான். பொங்கி அடங்கினப்புறம் பாட்டில்ல இருக்கிறது ஏறக்குறைய உப்புத் தண்ணி. அடைச்ச சிங்க் குழாய்ல ஊத்தினா அந்தப் பொங்கல்ல ஏதோ கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். கலந்து மூடி வேற போட்டு வச்சா மூடி பறந்துடும். ரெண்டும் நல்ல சாமான்தான், ஆனா தனித்தனியா இருந்தாதான் அதுக்கு மதிப்பு.

எந்த அழுக்குக்கு எதுன்னு தெரிஞ்சா மீதி தன்னால புரிஞ்சிடும். எண்ணெய், பிசுக்கு, கரின்னா சோடா வகை. சோப்பு, சீயக்காய், பூவந்திக்கொட்டை எல்லாம் அதுக்குத்தான். உப்புப் படிவு, பித்தளை செம்புல ஏறுற கறுப்பு, பச்சைக் களிம்புன்னா புளிப்பு வகை: புளி, எலுமிச்சை, வினிகர். உப்புக் கறையில சோடாவை நாள் பூரா தேய்ச்சாலும் போகாது. எண்ணெய்ப் பிசுக்குல எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சா வாசனை வரும், பிசுக்கு அங்கேயே இருக்கும்.

விளக்குல ரெண்டும் இருக்கு, அதனாலதான் எல்லாரும் அதோட மல்லுக்கட்டுறாங்க. மேல எண்ணெய் காய்ஞ்சு கோந்து மாதிரி ஒட்டியிருக்கும், அதுக்குக் கீழ உலோகம் கறுத்திருக்கும். நேரா புளியைப் போட்டா அந்த எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி புளி உள்ளயே போகாது. கை வலிக்கிற வரைக்கும் தேய்ச்சுட்டு "புளி சரியில்ல"ம்பாங்க.

நீங்க இப்படிப் பண்ணுங்க. முதல்ல விளக்கைக் கழட்டுங்க. உங்களோடது எங்க பக்கத்து நாச்சியார்கோவில் விளக்கா இருந்தா பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே பிரபைன்னு நாலு பாகமா திருகிக் கழலும். நிறைய பேர் வாங்கின நாள்லேருந்து கழட்டியே இருக்க மாட்டாங்க, மரையில எண்ணெய் இறுகியிருக்கும். கொதிநீரை அந்த இடத்துல ஊத்தி, துணியால பிடிச்சுத் திருகினா வந்துடும். திரிக்கரியைத் தென்னங்குச்சியால சுரண்டுங்க. கத்தி, ஸ்பூன் வேண்டாம், கீறல் விழுந்தா அங்கதான் அடுத்த தடவை முதல்ல கறுக்கும். மேலாக இருக்கிற எண்ணெய்க்குப் பழைய அரிசி மாவோ கடலை மாவோ தூவி நியூஸ் பேப்பரால துடைச்சு எடுத்துடுங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

அப்புறம் எவர்சில்வர் இல்ல பிளாஸ்டிக் டப்புல நல்ல சுடுதண்ணி, லிட்டருக்கு ரெண்டு ஸ்பூன் சலவை சோடா. மளிகைக் கடையில வாஷிங் சோடான்னு கேட்டா கிடைக்கும், விலை ரொம்பக் குறைவு. ஆப்ப சோடா வேற, இது வேற. இது நல்லா காரமா இருக்கும், வெறும் கையால அளையாதீங்க, கையுறை போட்டுக்குங்க, பாப்பா பக்கத்துல இருக்கக் கூடாது. கால் மணி நேரம் ஊறினதும் பிரஷ்ஷால தேய்ச்சா எண்ணெய் மஞ்சளா கரைஞ்சு வர்றது கண்ணுக்கே தெரியும். சோடா வேண்டாம்னா சீயக்காய்த் தூளைக் குழைச்சுப் பூசி ஊற விடுங்க, கொஞ்சம் நேரம் கூட ஆகும். நல்லா அலசுங்க.

இப்ப புளி. சமையலுக்கு ஆகாம கறுத்துப்போன பழைய புளி இருந்தா அதுவே போதும். எலுமிச்சை அளவு எடுத்துக் கொஞ்சம் தண்ணியில ஊறவச்சு, ஒரு ஸ்பூன் கல்லுப்பு சேர்த்துப் பிசைஞ்சு, தேங்காய் நாரால தேயுங்க. உப்பு சேர்ந்தா புளிக்கு வேகம் வரும். எண்ணெய் போன உலோகத்துல அது பட்ட இடமெல்லாம் தேய்க்கத் தேய்க்க மஞ்சளா திறக்கும். தட்டோட விளிம்பு, அன்னத்தோட கழுத்துப் பக்கமெல்லாம் பழைய டூத் பிரஷ்.

இங்க ஒண்ணு கவனிங்க. "ராத்திரி புளித்தண்ணியில போட்டுட்டேன், காலையில பார்த்தா திட்டுத் திட்டா ரோஸ் கலர்ல இருக்கு, நீங்க செம்பு கலந்து ஏமாத்திட்டீங்க"ன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. பித்தளைன்னாலே செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான். புளிப்புல ரொம்ப நேரம் கிடந்தா மேல்பக்கத்துத் துத்தநாகம் கரைஞ்சு போய், செம்பு மட்டும் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் அந்த ரோஸ். அதைத் திரும்ப மஞ்சளாக்கப் பட்டறையில குடுத்துப் பாலிஷ்தான் போடணும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், தேய்ச்சோமா கழுவினோமான்னு இருக்கணும்.

கழுவினதும் ஈரத்தோட விடாதீங்க, முக்கியமா போர் தண்ணி வீட்ல. சொட்டு காய்ஞ்ச இடமெல்லாம் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி ஒரு சொம்பு செலவு பண்ணுங்க, தப்பில்ல. உடனே துடைச்சுக் கொஞ்ச நேரம் வெயில்ல வச்சுட்டு, திருநீறைக் காய்ஞ்ச காட்டன் துணியில தொட்டு மெதுவா தேய்ச்சா வர்ற பளபளப்பு இருக்கே, அதுக்கு எந்தப் பவுடரும் கிட்ட வராது. (அலங்காரத்துக்குன்னு வர்ற சில விளக்குல மேல கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூச்சு இருக்கும். அதுக்கு இது எதுவும் வேண்டாம், ஈரத்துணி போதும்.)

குழாய்க்கு வருவோம். அங்க இறுகியிருக்கிறது பெரும்பாலும் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டா கரையும். லெமன் சால்ட்னு சொல்ற சிட்ரிக் ஆசிட் வாங்கி அரை லிட்டர் சுடுதண்ணியில ரெண்டு ஸ்பூன் கரைச்சு, துணியை நனைச்சுக் குழாய் வாயில சுத்தி அரை மணி நேரம் விடுங்க. கடை வினிகரும் ஆகும், ஆனா நாலஞ்சு சதவீதம்தான் புளிப்பு, மெதுவாதான் வேலை செய்யும், நெடியும் உண்டு. ராத்திரி பூரா கட்டி வைக்காதீங்க, குழாய் மேல இருக்கிற குரோமியப் பூச்சு மங்கிடும். முனையில சல்லடை இருந்தா கழட்டி ஒரு கிண்ணத்துல ஊறப் போடுங்க.

தரை விஷயத்துல கோவைக்காரர் கோவிச்சுக்கக் கூடாது. பயோ என்சைம் நல்ல பொருள், டைல்ஸ் தரைக்குத் தாராளமா போடலாம். ஆனா மூணு மாசம் புளிக்க வச்சது புளிப்பாதானே இருக்கும்? மொசைக்ங்கறது சிமென்ட்டுல பளிங்குச் சில்லு பதிச்சது. பளிங்கும் சுண்ணாம்பு இனம். உங்க குழாய்ல உப்பைக் கரைக்கிற அதே புளிப்பு உங்க தரையையும் கரைக்கும். ரெண்டு மூடி கலந்த தண்ணியில ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது, தினமும் வருஷக்கணக்குல துடைச்சா மெருகு போயிடும், சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் அதிகமா பிடிக்கும். கடப்பா கல்லும் அப்படித்தான், அதுவும் சுண்ணாம்புக் கல்லு. ஆத்தங்குடித் தரையும் சிமென்ட்தான். சந்தேகம்னா கட்டிலுக்கு அடியில ஒரு மூலையில ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க. பொரிஞ்சா அந்தத் தரைக்குப் புளிப்பு வேண்டாம், உடனே தண்ணி விட்டுத் துடைச்சிடுங்க.

உங்களுக்கு ஏத்தது பூவந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். உள்ள இருக்கிற கறுப்பு விதையை எடுத்துட்டு ஓட்டை மட்டும் ஒரு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப் போட்டு, காலையில அதே தண்ணியோட கால் மணி நேரம் கொதிக்க வச்சு, ஆறினதும் பிசைஞ்சு வடிகட்டுங்க. நுரை வர்ற பழுப்புத் தண்ணி கிடைக்கும். அரை பக்கெட்டுக்கு ஒரு டம்ளர். கொஞ்சமா செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துக்குள்ள தீர்த்துடுங்க, கெடாம இருக்க அதுல எதுவும் இல்ல, வெளியில வச்சா ரெண்டு மூணு நாள்லயே நாத்தம் அடிக்கும். கண்ணுல பட்டா நல்லா எரியும். வீட்ல மீன் தொட்டி இருந்தா அந்தக் கையோட தொட்டியைத் தொடாதீங்க, மீனுக்கு இது விஷம்.

---

சோப்பு போதும் சாமி எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனா தரை துடைக்கிறதுக்கு இவ்வளவு ஏன்? எண்ணெய் கொட்டலைன்னா வெறும் தண்ணியில நல்லா பிழிஞ்ச துணியே முக்கால்வாசி அழுக்கை எடுத்துடும். கூட வேணும்னா பாத்திரம் கழுவுற திரவம் சில சொட்டு. நான் அப்படித்தான் பண்றேன், வீடு நல்லாதான் இருக்கு. துணியைத் தினமும் அலசி வெயில்ல காயப் போடுங்க, அதைப் பத்தி எந்த வீடியோவுலயும் ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. நாறுற துணியால என்ன போட்டுத் துடைச்சா என்ன!

---

நைட் டூட்டி நர்ஸ் எழுதியது:

கற்பூரம்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. தரை துடைக்கிற தண்ணியில கற்பூரத்தைப் பொடிச்சுப் போடுறது இப்ப நிறைய வீட்ல நடக்குது. சின்னக் குழந்தைங்க கற்பூரத்தை வாய்ல போட்டு முழுங்கினா வலிப்பே வரலாம், அதுக்கு ரொம்பக் கொஞ்சம் போதும். கரையாத துணுக்கு தரையில கிடந்தா தவழுற குழந்தை கைக்குத்தான் முதல்ல கிடைக்கும். நீலகிரித் தைலமும் அப்படித்தான், தரையில ரெண்டு சொட்டு விடுறதை விட அந்தக் குட்டி பாட்டில் கைக்கு எட்டுற இடத்துல இருக்கிறதுதான் பயம். அந்துருண்டையையும் அலமாரியில இருந்து எடுத்துடுங்க. இயற்கைன்னு பேர் இருந்தா வாய்ல போடலாம்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு. பூவந்திக்கொட்டைத் தண்ணி பார்க்க டீ டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கும், பயோ என்சைம் ஜூஸ் மாதிரி இருக்கும். தயவு செஞ்சு கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் பெரிசா பேர் எழுதி ஒட்டுங்க. தண்ணின்னு நினைச்சுக் குடிச்சுட்டு வர்ற பெரியவங்களையே நாங்க பார்க்கிறோம்.

வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் இதுல எதையும் ப்ளீச்சிங் பவுடரோட சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும். கதவு சாத்தின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. ஒண்ணைப் போட்டா நல்லா தண்ணி ஊத்தி அலசின பிறகுதான் இன்னொண்ணு, முடிஞ்சா அன்னைக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்ல யாருக்காவது வாந்தி பேதின்னா மட்டும் பூவந்திக்கொட்டை, வினிகரை எல்லாம் ஓரமா வச்சிடுங்க. அது அழுக்கை எடுக்கும், கிருமியை நம்பிக்கையா கொல்லாது. அந்த இடத்தை முதல்ல துடைச்சு எடுத்துட்டு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சுத் தெளிஞ்ச மேல் தண்ணியை ஊத்திப் பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் நல்ல தண்ணியால ரெண்டு தடவை துடைங்க. ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தை வேற ரூம்ல இருக்கட்டும்.

---

வேளச்சேரி மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கட்டிலுக்கு அடியில எலுமிச்சை விட்டுப் பார்த்தேன், சோடா மாதிரி பொரியுது! உடனே துடைச்சிட்டேன். பூவந்திக்கொட்டை வாங்கியாச்சு, விதை எடுக்கிற வேலையை வீட்டுக்காரர் தலையில கட்டியிருக்கேன். கற்பூரம் இப்ப சாமி அலமாரியில மேல் தட்டுக்குப் போயிடுச்சு.

கும்பகோணம் அண்ணா, சிம்னியை விட்டுட்டீங்களே. அதுல இருக்கிற வலையைக் கழட்டினா கையில அப்படியே தேன் மாதிரி ஒட்டுது. விளக்குக்குச் சொன்ன அதே சலவை சோடா தண்ணியில ஊறப் போட்டுடலாமா? அடுப்பு பர்னரையும் சேர்த்தேவா?

---

கும்பகோணம் பாத்திரக்கடை எழுதியது:

போட்டுடாதீங்க, இருங்க! அந்த வலை எதால செஞ்சதுன்னு முதல்ல பார்க்கணும். நிறைய சிம்னியில வலை அலுமினியம். அலுமினியத்தைச் சலவை சோடாவுல போட்டா கறுத்துப்போய் அரிச்சிடும். இட்லி குக்கர், பழைய அலுமினியச் சட்டி எல்லாத்துக்கும் இதேதான்.

ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுற காந்தம் ஏதாவது இருந்தா எடுத்து வச்சுப் பாருங்க. ஒட்டினா அலுமினியம் இல்ல, சுடுதண்ணியில சோடா போட்டு ஊற வச்சிடலாம். ஒட்டலைன்னா அலுமினியமாவும் இருக்கலாம், உசத்தி எவர்சில்வராவும் இருக்கலாம், அதுவும் காந்தத்துல ஒட்டாது. அப்ப ஒரு மூலையில மட்டும் பிசுக்கைத் துடைச்சுட்டு, சூடான சோடாத் தண்ணி ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பாருங்க. குமிழி வந்து சாம்பல் நிறமா மாறினா அலுமினியம். அதுக்குக் கொதிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற திரவம், பிரஷ் மட்டும்தான். மொத்தமா இறங்கலைன்னா மறுபடி ஒரு தடவை. கஷ்டம்தான், ஆனா வலை மிஞ்சும்.

பர்னர்ல மேல ஓட்டை ஓட்டையா இருக்கிற மூடி பெரும்பாலும் பித்தளை. கீழ இருக்கிற பாகம் பல அடுப்புல அலுமினியம். அதனால மூடியை மட்டும் கழட்டி, விளக்குக்குச் சொன்ன மாதிரியே முதல்ல சோடா, அலசிட்டு அப்புறம் புளி. அடைப்பை ஊசியால குத்தி எடுங்க, குண்டூசி போதும், ஆணியெல்லாம் விட்டு ஓட்டையைப் பெரிசாக்கிடாதீங்க. நல்லா காய்ஞ்ச பிறகு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா தீ மஞ்சளா படபடன்னு எரியும், பாத்திரத்துல கரி ஏறும்.

அடுப்போட மேல்தட்டு கண்ணாடியா எவர்சில்வரா? கண்ணாடின்னா சூடா இருக்கும்போது ஈரத்துணி போடாதீங்க. மத்தபடி ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சுப் பூசி, பத்து நிமிஷம் கழிச்சுத் துடைச்சாலே போதும், சலவை சோடா வரைக்கும் போக வேண்டியதில்ல.